உள்பை வைத்த ஜாக்கெட்

ஒரு பெண் என் கடைப் படியேறி நிற்கும்போதே அவளுடைய மார்பளவு, தோள், கை நீளம் மூன்றையும் என்னால் சொல்லிவிட முடியும். டேப்பை எடுத்து அளப்பதெல்லாம் அவர்களுடைய திருப்திக்காக. இருபத்திரண்டு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். திண்டிவனத்தில் இரண்டு மெஷின் போட்ட சின்னக் கடை. கல்யாண சீசனில் ஒரே நாளில் ஏழு ஜாக்கெட் முடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேனா என்றால், ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு நாள் தப்பாகப் பார்த்தேன்.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தி பல வருடமாக என்னிடம் தைக்கிறாள். சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிற குடும்பம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பொங்கலுக்கும் ஆடிக்கும் துணி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வந்தால் என்னோடு மட்டும் பேச மாட்டாள், கடையில் காத்திருக்கிற எல்லாரோடும் பேசி, அவர்களைச் சிரிக்கவைத்து, என் வேலையைக் கெடுத்துவிட்டுத்தான் போவாள். அந்த வருடம் பொங்கலுக்கு அவள் வரவில்லை. மாசி மாதக் கடைசியில், கடையில் யாரும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்தாள். முந்தானையை இரண்டு தோளுக்கும் சேர்த்துப் போர்த்தியிருந்தாள். மஞ்சள் பையிலிருந்து மூன்று ஜாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"லூசா இருக்குதுக்கா. பிடிச்சிக் குடு."

"இளைச்சிட்டியா? எங்க பிடிக்கணும், ரெண்டு பக்கமுமா?"

"இடது பக்கம் மட்டும்."

நான் சிரித்துவிட்டேன். "ஒரு பக்கம் மட்டும் எப்பிடிம்மா இளைக்கும்?"

கேட்டு வாயை மூடுவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் மேசை மேலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எடுத்துட்டாங்கக்கா. கட்டி இருந்துச்சி. கேன்சர்னு சொன்னாங்க. பொங்கலுக்கு நான் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன்."

கடையின் மூலையில், போட்டுப் பார்ப்பதற்காகத் திரை கட்டிய இடம் ஒன்று உண்டு. அவளை அங்கே கூட்டிப் போனேன். ஜாக்கெட்டுக்குள் ஒரு சின்னத் துண்டை நாலாக மடித்து, ஊக்கு குத்தி வைத்திருந்தாள். அந்தத் துண்டைப் பற்றி அவள் சொன்னது இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எங்க நாத்தனார் பொண்ணு நிச்சயத்துல குனிஞ்சி தாம்பாளத்த எடுத்தேன். ஊக்கு அவுந்து இது கீழ விழுந்துடுச்சி. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க. யாரோ ஒரு பொம்பள எடுத்து, இந்தாம்மா உன் துண்டுன்னு குடுத்தா. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னியிலேர்ந்து நான் எங்கயும் போறதில்லக்கா. ஆஸ்பத்திரி, அத வுட்டா வூடு."

சென்னையில் இதற்கென்று கடைகளில் விற்கிறது என்று யாரோ ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அங்கே போய் யாரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள். அதனால்தான் பிடித்துக் கொடுத்தால் போதும் என்று என்னிடம் வந்திருக்கிறாள்.

"பிடிச்சிக் குடுக்க மாட்டேன்" என்றேன். "ஒரு வாரம் டைம் குடு. நான் வேற ஒண்ணு பண்ணித் தரேன்."

என்ன பண்ணப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் வாய் எப்போதும் கையைவிட ஒரு வாரம் முன்னால் போகும். கை பின்னாலேயே ஓடிப் பிடித்துவிடும் என்கிற நம்பிக்கைதான்.

லைனிங் துணியில் இரண்டு வட்டம் வெட்டி, ஜாக்கெட்டுக்குப் பிடிக்கிற மாதிரியே மடிப்புப் பிடித்து, உள்ளே தலையணைக்கு அடைக்கிற ஃபைபர் பஞ்சை அடைத்தேன். வடிவம் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அது வராமல் போனால்தான் ஆச்சரியம், வாழ்நாள் முழுக்க நான் செய்வது அந்த வடிவத்தைத்தானே. பிறகு அவளுடைய மூன்று ஜாக்கெட்டிலும் இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்தேன். பையின் வாய் அக்குள் பக்கம் பார்த்திருக்கும். பஞ்சை அதில் செருகிக்கொள்ளலாம், துவைக்கும்போது எடுத்துவிடலாம். நாலாவது நாள் வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து, எப்போதும் போல இடது தோளில் மட்டும் போட்டுக்கொண்டு போனாள்.

ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அழகா இருக்குதுக்கா. ஆனா ஏறுது."

"எங்க ஏறுது?"

"கழுத்துக்கு. நான் பஸ்சு ஏறுனா அதுவும் கூடவே ஏறுது."

எனக்குச் சுருக்கென்றது. என்னிடமிருந்து போய்த் திரும்பி வந்த முதல் ஜாக்கெட் அதுதான். யோசித்துப் பார்த்ததில் தப்பு எங்கே என்று தெரிந்தது. உடம்பை இத்தனை வருடமாக அங்குலத்தில்தான் அளந்திருக்கிறேன். அதற்கு ஒரு எடை உண்டு என்பதை நான் நினைத்ததே இல்லை. பஞ்சுக்கு எடை இல்லை, அதனால் அது இருக்கிற இடத்தில் இருக்காது.

வீட்டுக்குப் போய் அடுக்களை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அரிசி குத்தியது. கடுகு தையல் வழியாகவே நழுவி வெளியே வந்தது. வாசலில் கிடந்த மணலைப் போட்டால் ஒரே கட்டியாக உட்கார்ந்துவிட்டது. தையலை இன்னும் நெருக்கிப் போட்டதும் கேப்பைதான் சரியாக அமைந்தது. சின்னதாக, உருண்டையாக, அழுத்தினால் விலகி, விட்டால் திரும்பி வந்து படிந்தது. சாயங்காலம் என் கணவர் கூழுக்கு எடுத்து வைத்திருந்த கேப்பை எங்கே என்று கேட்டார். ஜாக்கெட்டுக்குப் போய்விட்டது என்றேன்.

அது அவளுக்கு அச்சாகப் பொருந்தியது. குனிந்தாள், நிமிர்ந்தாள், கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்து பார்த்தாள். ஏறவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு டிபன் பாக்ஸோடு வந்தாள். அன்றைக்குக் கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போய் மூடியைத் திறந்து காட்டினாள்.

"அக்கா, முளைச்சிடுச்சி."

பஞ்சை எடுத்துவிட்டுத் துவைக்க வேண்டும் என்று பஞ்சுக்குச் சொன்னதை, கேப்பைக்கு நான் மறுபடி சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் சேர்த்து வாளியில் ஊறப் போட்டிருக்கிறாள். அரைகுறையாகக் காயவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சித்திரை மாத வேர்வையும் சேர்ந்து, என் நெருக்கமான தையலுக்கு நடுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

"நாங்க விவசாயக் குடும்பம்க்கா. எங்க போட்டாலும் முளைக்கும்."

அதன்பின் இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை. தையல் போட்ட இடம் இழுக்கிறது என்று ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெளியே இருந்தவர்கள் என்ன என்று கேட்டதற்கு, திரையை விலக்கி அவளே டிபன் பாக்ஸைக் காட்டினாள். இரண்டு மாதமாக யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒளிந்துகொண்டிருந்தவள், முன்பின் தெரியாத இரண்டு பெண்களிடம் முழுக் கதையையும் அங்கேயே சொல்லி முடித்தாள்.

கடைசியில் கண்ணாடிப் பாசிமணிதான் நின்றது. பொடி மணியாகப் பார்த்து வாங்கி, தனியாக ஒரு சின்னப் பையில் போட்டு, நாலு பக்கமும் இரட்டைத் தையல் அடித்து, அடிப்பக்கத்தில் வைத்தேன். அதற்கு மேலும் சுற்றியும் பஞ்சு. உடம்பில் படுவது மெத்தென்ற பருத்தித் துணி மட்டும். அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் மூன்று தரம் வாளியில் ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை அவளுக்கு அவ்வப்போது வீங்குகிறது, ஜாக்கெட்டுக் கை பிடிக்கிறது என்றாள். அந்தக் கையை மட்டும் ஒரு அங்குலம் தளர்த்தி, வெளியே தெரியாதபடி பட்டியில் சமன் செய்தேன்.

விழுப்புரத்தில் அவள் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிற ஆஸ்பத்திரியில், இதே சிகிச்சையில் இருந்த இன்னொரு பெண்ணுக்கு இதைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் நர்ஸிடம் காட்டியிருக்கிறாள். ஒரு நாள் அந்த நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"நீங்கதான் அந்த உள்பை வெச்ச ஜாக்கெட் தைக்கிறவங்களா? ரெண்டாவது சனிக்கிழமை இங்க வர முடியுமாக்கா? நிறையப் பேருக்கு இது தேவைப்படுது."

வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். ஜாக்கெட்டுக்குள் செருகுகிற பஞ்சுப் பொதியை மூன்று அளவில் பன்னிரண்டு தைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் அவளும் ஏறிக்கொண்டாள். மடியில் பெரிய ஒயர் கூடை, அதில் எங்கள் இரண்டு பேருக்கும் புளிசாதம்.

அந்த நர்ஸ் கறாரான மனுஷி. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன, துணி சாயம் போகுமா, எத்தனை தரம் துவைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டார். பிறகு தையலின் விளிம்பைத் தடவிக் காட்டினார்.

"இது தோல்ல படுற பக்கம் இருக்குது. தழும்பு மேல உரசும். தையல் வெளிப்பக்கம் வரணும். அப்பால, வெயிட் வெச்சது டாக்டர் சரின்னு சொன்னவங்களுக்கு மட்டும்தான். காயம் ஆறாதவங்களுக்கு வெறும் பஞ்சு. கரண்ட் வெச்சி, அதான் ரேடியேஷன் குடுத்து, தோல் கறுத்திருந்தா எதுவுமே வெக்கக் கூடாது, டாக்டர கேட்டுட்டுதான்."

தையலில் எனக்கு ஒருத்தர் சொல்லித் தருவது பிடிக்காது. ஆனால் அவர் சொன்னது சரி. அங்கேயே ஊசி நூலெடுத்து, பன்னிரண்டின் தையலையும் வெளிப்பக்கத்துக்கு மாற்றினேன். அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். இன்றும் அந்தத் தாள் என் மெஷின் டிராயரில் இருக்கிறது.

வார்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்தார்கள். நான் மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, பன்னிரண்டையும் அளவு வாரியாக அடுக்கிவைத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. ஒருத்தரும் உள்ளே வரவில்லை. வாசல் வரை வருவார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மனைவியோடு வந்த ஒரு ஆள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணும் அவர் பின்னாலேயே போய்விட்டாள். என் கடையில் ஆட்கள் எனக்காகக் காத்திருப்பார்கள். இங்கே நான் காத்திருந்தேன்.

கூட்டேரிப்பட்டுக்காரி பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"நீ பாட்டுக்கு மாங்கா விக்கிற மாதிரி பரப்பி வெச்சிக்கினு உக்காந்திருந்தா யாருக்கா வருவாங்க?"

எல்லாவற்றையும் வாரி ஒயர் கூடையில் போட்டு, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வார்டுக்குள் போனாள். யாருக்கு எது வைக்கலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்தாள். சாப்பிட்டியா, எந்த ஊரு, எத்தனை பசங்க என்று ஆரம்பித்து, கேப்பை முளைத்த கதைக்கு வந்துவிடுவாள். கதை எந்தக் கட்டிலில் நடக்கிறது என்பது, சிரிப்புச் சத்தம் வருகிற திசையை வைத்தே எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் கூடையில் இரண்டே இரண்டோடு திரும்பி வந்தாள். பின்னாலேயே ஆறு பெண்கள், தங்களுடைய ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே பை வைத்துத் தரச் சொல்லி வந்தார்கள். கை ஊசியாலேயே தைத்து முடித்துப் புளிசாதம் சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது.

அதிலிருந்து எங்களுக்குள் வேலை பிரிந்துவிட்டது. அவள் பேசுவாள், நான் தைப்பேன். கையால் சுற்றுகிற பழைய மெஷின் ஒன்றை அந்த அறையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு விழுப்புரம் போவது எனக்குப் பழகிப்போனது. வாடிக்கையாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். விஷயம் தெரிந்ததும், வெட்டிய துணியில் மிஞ்சுகிற மெல்லிசு லைனிங்கை அவர்களே சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாருக்கும் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோலியனூர் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. அவருக்கு வலது பக்கம் எடுத்திருந்தார்கள். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நான் தைத்ததை வாங்கிப் பார்த்தார். "நல்லா தைச்சிருக்கீங்கம்மா" என்று சொல்லி மேசை மேலேயே திருப்பி வைத்தார்.

"எனக்கு வேணாம்."

"வேற கலர் இருக்கு டீச்சர். அளவும் மாத்தித் தரேன்."

"கலருக்காகச் சொல்லல. இல்லாதத இருக்குற மாதிரி காட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. தப்புன்னு சொல்ல வரல. உங்ககூட வர்ற அந்தப் பொண்ணுக்கு அது வேணும், அவங்க தைரியமா நாலு எடம் போறாங்க. எனக்கு வேணாம். இப்ப என் உடம்பு எப்பிடி இருக்குதோ அதுக்கு ஒரு ஜாக்கெட் தைக்க முடியுமா உங்களால?"

முடியுமா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எப்போது தருவீர்கள் என்றுதான் கேட்பார்கள். முடியும் என்று சொல்லி அளவெடுத்துக்கொண்டேன். ஆனால் திரும்பி வருகிற வழி முழுக்க எனக்குள் புகைந்தது. நான் இவ்வளவு மெனக்கெட்டுச் செய்ததை வேண்டாம் என்கிறாரே என்கிற கோபம் ஒரு பக்கம். அவர் கேட்டது எனக்கு உண்மையிலேயே தெரியாது என்கிற பயம் இன்னொரு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன்.

"அவங்க கேக்குறதுல இன்னாக்கா தப்பு?" என்றாள். "துணி உடம்புக்குத்தானே. உடம்பு துணிக்கா?"

தையல்காரர் எப்போதும் துணியை இரண்டாக மடித்துத்தான் வெட்டுவார். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் தானாக வந்துவிடும். அந்தத் துணியை மடிக்காமல், வலதைத் தனியாகவும் இடதைத் தனியாகவும் நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக வெட்டினேன். முதல் தடவை கழுத்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பிரித்தேன். இரண்டாவது தடவை அக்குளில் சுருக்கு விழுந்தது. பிரித்தேன். பிறகு தட்டையான பக்கத்துக் கழுத்து ஓரத்தில் உள்ளே மெல்லிய பட்டி வைத்துப் பிடித்ததும் கழுத்து நேராக நின்றது. வலது பக்கத்தில் முந்தானை மேலே அவ்வளவாக மறைக்காது, பார்வை நேராக அங்கேதான் போகும். அதை ஏன் வெறுமையாக விட வேண்டும் என்று தோன்றியது. தோளிலிருந்து இடுப்பு வரை அதே நிறத் துணியில் மெல்லிய மடிப்புகளாக, நெருக்கமாகப் பிடித்துக்கொண்டே வந்தேன். நெல் வயலில் வரிசை பிடித்து நட்ட மாதிரி இருந்தது. முடித்து மாட்டிவைத்துப் பார்த்தபோது, அதுவரை நான் வெட்டியதிலேயே இதுதான் நல்ல வெட்டு என்று தெரிந்தது.

டீச்சர் போட்டுப் பார்த்தார். புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மாதா கோயில் திருவிழா. பூசையில நான்தான் வாசகம் வாசிக்கணும். இப்பிடிக் கைய நீட்டுனா சுருக்கு விழுமான்னு பாத்தேன்" என்றார். விழவில்லை. "நீங்களும் வரணும்."

நாங்கள் இரண்டு பேரும் போனோம். டீச்சர் மேலே ஏறி மைக் முன்னால் நின்று, வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து வாசித்தார். வாசித்தது என்ன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கண் முழுக்க வலது தோளிலேயே இருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு பெண் டீச்சரிடம் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்து, புது மாடலா, எங்கே தைத்தீர்கள் என்று கேட்டாள். டீச்சர் என்னைக் கை காட்டினார். அந்த வாரமே கோலியனூரிலிருந்து மூன்று பேர் என் கடையைத் தேடி வந்து, ஒரு பக்க மடிப்பு வைத்த ஜாக்கெட் வேண்டும் என்றார்கள். மூன்று பேருக்கும் எந்த நோயும் இல்லை. திண்டிவனத்தில் இப்போது அது ஒரு மாடல்.

கோயிலிலிருந்து திரும்பும்போது கூட்டேரிப்பட்டுக்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எனக்கும் அந்த மாதிரி தட்டையா ஒண்ணு தைச்சிக் குடுக்கா. கொல்லியில வேலைக்குப் போட்டுக்கினு போறதுக்கு. வெயில்ல அந்த மணி சூடாவுது, பேஜாரா இருக்குது. கல்யாணம் காட்சிக்கு மட்டும் உன்னுத வெச்சிக்கிறேன்."

எனக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. இரண்டாகவே தைத்துக் கொடுத்தேன். அவளுக்கு மருந்தெல்லாம் முடிந்துவிட்டது, இப்போது அவ்வப்போது பரிசோதனைக்குப் போனால் போதும். மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் மட்டும் சனிக்கிழமை வர மாட்டாள். அன்று கூடையை எடுத்துக்கொண்டு நான் வார்டுக்குள் போவேன். கதையை அவள் மாதிரி எனக்குச் சொல்ல வராது. முளைத்த இடம் வருவதற்குள் நானே சிரித்துவிடுவேன்.

எல்லாரும் அடுத்த மாதம் வருவதில்லை. ஒருத்திக்கு மாம்பழ நிறத்தில் இரண்டு ஜாக்கெட் தைத்து வைத்திருந்தேன், சொன்ன தேதியில் அவள் வரவில்லை. அவளுடைய அக்கா கடைக்கு வந்து வாங்கிப் போனார். சில நாள் கழித்து அவரே போன் செய்து, கடைசியாக அவளுக்கு அதைத்தான் போட்டு அனுப்பினோம், சரியாக இருந்தது என்றார். அன்று முழுக்க நான் மெஷினில் உட்காரவில்லை. மறுநாள் உட்கார்ந்தேன். சரியாக இருந்தது என்று அவர் சொன்னதை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

போன வருடக் கடைசியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருக்கும் அறைக்கு வெளியே, நடையில் போட்ட பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கழுத்தைச் சுற்றி எப்போதும் துண்டு. யாருடைய கணவரோ என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை எழுந்து வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு நோட்டு. அதில் எழுதியிருந்ததை எங்களுக்கு நேராகப் பிடித்தார். கூட்டேரிப்பட்டுக்காரி எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?"

படித்துவிட்டு, "ஆம்பளைக்கு இன்னாங்க தைக்கிறது?" என்று அவரையே கேட்டாள். அவர் துண்டை எடுத்தார். கழுத்தின் அடியில், இரண்டு காலர் எலும்புக்கும் நடுவில், ஒரு ஓட்டை இருந்தது. அவர் மூச்சு விடும்போது அதில் காற்று போய் வருவது கேட்டது.

நர்ஸ் வந்து விளக்கினார். தொண்டையில் கேன்சர், குரல்வளையை எடுத்துவிட்டார்கள், இனி மூச்சு அந்த வழியாகத்தான். தூசி போகாமல் மெல்லிசாக ஏதாவது மூடியிருக்க வேண்டும். துண்டு போட்டால் வேர்க்கிறது, நழுவுகிறது, தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள். அப்போதுதான் அவரை நான் சரியாகப் பார்த்தேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற தனியார் பஸ்சில் கண்டக்டராக இருந்தவர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று அவர் சத்தம் போட்டு ஆள் ஏற்றிய பஸ்சில் நான் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். "உங்கள எனக்குத் தெரியுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டி, என்னைக் காட்டி, தனக்கும் தெரியும் என்பது போல ஜன்னல் ஓர சீட்டைக் கையால் வரைந்து காட்டினார். எனக்கு எப்போதும் ஜன்னல் ஓரம்தான் வேண்டும்.

என் கடைப் போர்டில் லேடீஸ் டெய்லர் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆணுக்கு ஒரு பட்டன்கூட நான் தைத்ததில்லை. டேப்பை எடுத்து அவர் கழுத்தை அளந்தேன். நர்ஸ் பக்கத்திலேயே நின்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மெல்லிய பருத்தி, இரண்டு மடிப்பு, இறுக்கக் கூடாது, ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிரிந்து நிற்கக் கூடாது, மூச்சு உள்ளே இழுத்துக்கொள்ளும். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். அவர் நோட்டை எடுத்து ஒரே வார்த்தை எழுதினார். காக்கி.

காக்கித் துணி என்றால் தடிமன்தான் கிடைக்கும். அதில் மூச்சு முட்டும். கடைகடையாக ஏறி இறங்கி, அதே நிறத்தில் மெல்லிய பருத்தி ஒன்றைக் கண்டுபிடித்தேன். அடுத்த மாதம் ஐந்து தைத்துக் கொண்டுபோனேன். சட்டைக் காலருக்குள் அடங்குகிற மாதிரி வளைவாக, கழுத்துக்குப் பின்னால் நாடா. அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வாஷ்பேசின் கண்ணாடிக்குப் போனார். வெகு நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கட்டியிருந்தார், காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்ட ஆள் போல இருந்தார். கூட்டேரிப்பட்டுக்காரி, "இப்ப ஒரு டிக்கெட்டு கிழிச்சிக் குடுங்க" என்றாள். அவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

பிறகு நோட்டை எடுத்து எழுதி என்னிடம் காட்டினார். "நாடா பின்னால வேணாம். எனக்கு அங்க கை போவல, நர்ஸம்மாதான் கட்டி வுட்டாங்க. சைடுல வைங்க."

நியாயம்தான். ஐந்தையும் திருப்பி வாங்கி, நாடாவைப் பிரித்து, கை மெஷினுக்கு நூல் கோத்தேன். அவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் என்று விரலால் தொட்டுக் காட்டினார்.